பள்ளிக்குக் குரோம்புக் வாங்குவதற்கு முன்

தாங்கள் படித்த அரசுப் பள்ளிக்குக் கணினி வாங்கித் தர விரும்பும் முன்னாள் மாணவர்கள் சிலர், நான் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பின்) கணினிப் பிரிவில் வேலை செய்வது தெரிந்ததும், "ஐந்து லட்ச ரூபாய்க்கு எத்தனை கணினி வரும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்வது எளிது. 2023 அக்டோபரில் ஹெச்பி நிறுவனம் கூகுளுடன் சேர்ந்து சென்னைக்கு அருகில் உள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் குரோம்புக் தயாரிக்கத் தொடங்கியபோது, அதன் தொடக்க விலை ரூ.15,990 என்று செய்தி வந்தது. அந்தக் கணக்கில் முப்பது கணினிகள் நான்கு லட்சத்து எண்பதாயிரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த முப்பதில் எத்தனை ஐந்தாம் ஆண்டிலும் பிள்ளைகளின் கையில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை வாங்கும் விலையை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதைத் தீர்மானிப்பவை வேறு. அவற்றைத் தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

குரோம்புக் என்பது இணைய உலாவியை மையமாக வைத்துக் கட்டப்பட்ட மடிக்கணினி. மாணவர் எழுதும் கட்டுரையும் செய்யும் கணக்குத்தாளும் (ஸ்ப்ரெட்ஷீட்) கணினிக்குள் தங்காமல் இணையத்தின் வழியே தொலைவில் உள்ள சர்வர்கள் என்ற பொதுக் கணினிகளில் சேமிக்கப்படுகின்றன. வேலையின் பெரும்பகுதியை அந்த சர்வர்களே செய்துவிடுவதால், கையில் உள்ள கணினிக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க்கோ வேகமான சிப்போ தேவைப்படுவதில்லை. பள்ளிகளுக்கென்று விற்கப்படும் குரோம்புக்குகளில் நான்கு ஜிபி ரேமும் 32 ஜிபி சேமிப்பிடமும் 11.6 அங்குலத் திரையும் இருப்பது வழக்கம். வீட்டுக்கு வாங்கும் மடிக்கணினியோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆயினும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டுரை எழுதவும், பாடக் காணொளி பார்க்கவும், தேர்வு எழுதவும் இது போதும்.

விலை குறைவு என்பது பெட்டியின் விலையில் மட்டும் இல்லை என்பதை இந்த வேலைக்கு வந்த பிறகுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். விண்டோஸ் கணினிகள் நிறைந்த ஒரு கணினி அறையைப் பராமரித்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். பென் டிரைவ் வழியாக வைரஸ் நுழையும். ஒரு மாணவர் அமைப்புகளை மாற்றிவிட்டுப் போவார். புதுப்பிப்பு பாதியில் நின்று கணினி திறக்காமல் கிடக்கும். எல்லாவற்றுக்கும் ஒருவர் வந்து, கணினியின் முன் அமர்ந்து, அரை நாள் செலவழித்து மீண்டும் நிறுவ வேண்டும். குரோம்புக்கில் இயங்குதளத்தின், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளின், இரண்டு பிரதிகள் உள்ளே இருக்கின்றன. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பின்னணியில் புதுப்பிக்கப்படுகிறது, அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது புதியது வேலைக்கு வருகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இயங்குதளம் யாராலும் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று கணினி தானே சரிபார்த்துக்கொள்கிறது. மாற்றப்பட்டிருந்தால் நல்ல பிரதிக்குத் திரும்புகிறது. அதையும் மீறி ஏதாவது குழப்பம் வந்தால், பவர்வாஷ் என்று நாங்கள் சொல்லும் முழுத் துடைப்பைச் செய்து சில நிமிடங்களில் கடையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். மாணவரின் வேலை எதுவும் கணினிக்குள் இல்லாததால் எதையும் இழப்பதில்லை. பக்கத்தில் உள்ள வேறொரு குரோம்புக்கில் தன் கணக்கோடு நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து அவர் தொடரலாம்.

இதனால்தான் என் போன்ற சிலர் மட்டுமே உள்ள ஒரு பிரிவு ஆயிரக்கணக்கான கணினிகளைப் பார்த்துக்கொள்ள முடிகிறது. கோடை விடுமுறையில் புதிய பெட்டிகள் வந்ததும், முதல் திரையில் மூன்று விசைகளை ஒருசேர அழுத்தி, அந்தக் கணினியைப் பள்ளியின் நிர்வாகக் கணக்கோடு இணைக்கிறோம். அதன்பிறகு எந்த மாணவர் நுழையலாம், எந்தத் தளங்கள் திறக்கக் கூடாது, தேர்வு நேரத்தில் தேர்வுப் பக்கத்தைத் தவிர மற்றவை பூட்டப்பட வேண்டுமா என்பதையெல்லாம் ஓரிடத்தில் அமர்ந்து தீர்மானித்துவிடலாம். முறையாக அமைத்துவிட்டால், கணினியைத் துடைத்தாலும் திருடிச் சென்றாலும் அடுத்த முறை இணையத்தைத் தொட்டதும் அது பள்ளியின் கட்டுப்பாட்டுக்கே திரும்பும். எங்களிடம் பழுதுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை மென்பொருள் பழுதுகள் அல்ல. பென்சிலை விசைப்பலகை மேல் வைத்தபடி மூடியதால் உடைந்த திரை, பிடுங்கப்பட்ட விசைகள், சார்ஜர் செருகும் இடத்தில் தளர்ச்சி, கீலில் விரிசல் ஆகியவைதான் அதிகம். இவற்றை ஒரு ஸ்க்ரூடிரைவரும் உதிரிப் பாகமும் இருந்தால் மேசையிலேயே சரிசெய்துவிடலாம்.

அமெரிக்கப் பள்ளிகள் ஒரே நாளில் இதற்கு மாறிவிடவில்லை. 2009 ஜூலையில் குரோம் ஓ.எஸ். என்ற இந்த இயங்குதளத்தைப் பற்றிக் கூகுள் வெளியிட்ட முதல் அறிவிப்பை எழுதிய இருவரில் ஒருவர் சுந்தர் பிச்சை. 2011இல் சாம்சங், ஏசர் நிறுவனங்களின் முதல் குரோம்புக்குகள் வந்தபோது, பள்ளிகளுக்கு மாதம் 20 டாலர் வாடகை என்ற திட்டத்தைக் கூகுள் முன்வைத்தது. ஆண்டு வரவுசெலவில் ஒருமுறைச் செலவாகக் கணினி வாங்கிப் பழகிய பள்ளிகளுக்கு அது ஒத்துவரவில்லை. 2012இன் இறுதியில் 249 டாலருக்குச் சாம்சங்கும் 199 டாலருக்கு ஏசரும் குரோம்புக் விற்கத் தொடங்கியதும், கணினிகளை ஓரிடத்திலிருந்து கட்டுப்படுத்துவதற்கான நிர்வாக உரிமம் ஒருமுறைக் கட்டணமாக மாறியதும்தான் பள்ளிகள் திரும்பிப் பார்த்தன. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் பாடத்திட்ட மென்பொருளோடு சேர்த்து ஒவ்வொன்றும் 768 டாலர் விலையில் ஐபேடுகளை வாங்கத் தொடங்கி, மாணவர்கள் சில நாட்களிலேயே தளத் தடைகளைத் தாண்டியது உட்படப் பல சிக்கல்களில் மாட்டி, 2014இல் அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டது. 2014-15 கல்வியாண்டில் பல மாநிலங்களில் பொதுத்தேர்வுகள் கணினி வழிக்கு மாறின; அதற்கு விசைப்பலகையுள்ள, தேர்வின்போது பூட்டிவைக்கத்தக்க, விலை குறைந்த கருவி கட்டாயமாகத் தேவைப்பட்டது. 2014 ஆகஸ்டில் கூகுள் கிளாஸ்ரூம் வெளியானது. கருவி, தேர்வு, வகுப்பு நடத்தும் மென்பொருள் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்ததும் பள்ளிகள் வேகமாக மாறின.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதைத்தான். 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் உருவான இ-ரேட் என்ற திட்டத்தின்படி, அமெரிக்காவில் பள்ளிகளும் நூலகங்களும் தங்கள் இணையச் செலவில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி பெறுகின்றன. ஏழைக் குழந்தைகள் அதிகமாகப் படிக்கும் பள்ளிக்குத் தள்ளுபடியும் அதிகம். 2014இல் அந்தத் திட்டத்தின் ஆண்டு வரம்பு 390 கோடி டாலராக உயர்த்தப்பட்டு, கட்டடத்துக்கு உள்ளே வைஃபை அமைப்பதற்கும் பணம் ஒதுக்கப்பட்டது. ஆயிரம் மாணவர்களுக்கு முதலில் நொடிக்கு 100 மெகாபிட், பின்னர் ஒரு ஜிகாபிட் என்று இலக்கு வைத்துக்கொண்டு பள்ளிகள் உயர்ந்தன. மலிவான குரோம்புக் வெற்றி பெற்றதற்கு அடியில் பல ஆண்டுகள் பொதுப்பணத்தில் போடப்பட்ட கண்ணாடி இழைக் கம்பி இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு நாற்று நட்டவர்களின் விளைச்சலைக் கண்டு, தண்ணீரை மறந்து நாற்றை மட்டும் வாங்கிவருவது சரியாகாது.

ஆகவே எண்ணிக்கையைப் பேசுவதற்கு முன் பள்ளியின் இணைப்பைக் கணக்கிடுங்கள். தலைக்கு ஒரு மெகாபிட் என்ற இலக்கை எடுத்துக்கொண்டால் முப்பது மாணவர்களுக்கு 30 மெகாபிட் நிலையாகக் கிடைக்க வேண்டும். இன்று நம் சிற்றூர்களிலும் ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் வேகம் இதைவிட அதிகம்தான். இருப்பினும் விளம்பர வேகத்தை நம்பாமல், வேலை நாளில் காலை பதினொரு மணிக்குப் பள்ளியிலேயே நின்று சோதித்துப் பாருங்கள். பிறகு வைஃபையைப் பாருங்கள். வீட்டுக்கு இணைப்பு தரும்போது இலவசமாக வைத்துவிட்டுப் போகும் ரவுட்டர், ஒரே அறையில் முப்பது கணினிகள் ஒரே நொடியில் காணொளி கேட்டால் திணறிவிடும். வகுப்பறைக்கென்று வடிவமைத்த ஓர் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி), அதற்கு ஒரு சிறு ஸ்விட்ச் (கம்பி இணைப்புகளைப் பிரித்துத் தரும் பெட்டி), இரண்டையும் மின்வெட்டில் காக்க ஒரு யு.பி.எஸ். ஆகியவற்றுக்கு ஐந்து லட்சத்திலிருந்து முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் எத்தனை கணினி வருகிறதோ அத்தனை வாங்கினால் போதும். முப்பது கிடைக்காமல் இருபத்து நான்கு கிடைத்தாலும் அவை இருபத்து நான்கும் ஓடும். மின்வெட்டைப் பொறுத்தவரை இந்தக் கணினிகள் நமக்கு நல்ல துணை. மேசைக் கணினிகள் முப்பதுக்கும் யு.பி.எஸ். தேடுவதைவிட, ஒரு முறை சார்ஜ் செய்தால் பள்ளி நாள் முழுவதும் தாங்கும் மடிக்கணினிகளுக்கு ரவுட்டரை மட்டும் விழித்திருக்க வைப்பது மிக எளிது.

இணையம் இல்லாத நேரத்தில் குரோம்புக் வெறும் பெட்டி என்று சிலர் சொல்வது முழு உண்மை அல்ல. ஆவணம், கணக்குத்தாள் போன்றவற்றை இணைப்பு இருக்கும்போதே முன்கூட்டி அமைத்துவைத்தால் இணைப்பின்றியும் எழுதலாம்; இணைப்பு வந்ததும் அவை தாமாக மேலேறிவிடும். அதே கணினியில் முன்பே நுழைந்த மாணவர் இணைப்பின்றியும் நுழைய முடியும். ஆனால் புதிதாக ஒரு கணினியை எடுக்கும் மாணவர் முதல் முறை நுழைவதற்கு இணையம் கட்டாயம் வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் இணைப்பு அறுந்துபோகும் ஊர் என்றால், குரோம்புக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு வேறு வழி இருக்கிறது, அது குறைந்த வழியும் அல்ல. மேகம் (க்ளவுட்) என்று சொல்லப்படும் அந்தத் தொலைதூர சர்வர்களுக்குப் பதிலாகப் பள்ளிக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு நடுத்தரக் கணினியை சர்வராக வைத்து, பழைய கணினிகளைத் தின் கிளையன்ட்களாக, அதாவது சர்வர் செய்யும் வேலையைத் திரையில் காட்டும் எளிய கருவிகளாக, அதனோடு இணைக்கும் லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் 1999 முதல் இருக்கிறது; லினக்ஸ் என்பது உரிமக் கட்டணம் இல்லாத ஓர் இயங்குதளம். தமிழ்நாட்டின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் வந்துள்ள ஹைடெக் லேப்களிலும் சர்வரோடு இணைந்த இந்த அமைப்பைக் காணலாம். உங்கள் பள்ளியில் அது ஏற்கெனவே இருக்கிறதா, ஓடுகிறதா, ஓடாவிட்டால் ஏன் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்பதுதான் நன்கொடையாளரின் முதல் வேலையாக இருக்க வேண்டும். ஓடாத ஆய்வகத்துக்கு அருகில் இன்னொரு ஆய்வகம் கட்டுவதைவிட இருப்பதை ஓட வைப்பது மேல். சர்வரில் கோலிப்ரி போன்ற இணையமில்லாக் கற்றல் மென்பொருளையும், கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஏற்றிவைத்துவிட்டால், வெளியே கம்பி அறுந்தாலும் உள்ளே தேடிப் படிக்கலாம்.

கேரளம் எடுத்த முடிவும் கவனிக்கத்தக்கது. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், இன்று கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அது பள்ளிக் கணினிகளை முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, தனக்கென்று ஒரு லினக்ஸ் பதிப்பைத் தொகுத்து, அதையொட்டியே பாடநூலையும் ஆசிரியர் பயிற்சியையும் அமைத்தது. 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் சென்றன. கருவியின் விலை அங்கே குரோம்புக்கைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். ஆனால் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. எந்த வெளிநாட்டு நிறுவனமும் ஒரு தேதியைக் குறித்து அந்தக் கணினிகளை நிறுத்திவிட முடியாது.

தேதி என்று சொன்னதும் குரோம்புக்கில் நான் மிக முக்கியமாகக் கருதுவதற்கு வந்துவிடுகிறேன். ஒவ்வொரு குரோம்புக் மாடலுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் நாள் ஒன்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் கணினி திறக்கும். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது, நாளடைவில் தேர்வு மென்பொருளும் சில இணையதளங்களும் அந்தப் பழைய பதிப்பை ஏற்காமல் போகும். அந்த நாள் நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து கணக்கிடப்படுவதில்லை, அந்த வன்பொருள் தளம் (மாடலின் அடிப்படைப் பாகங்களின் தொகுப்பு) முதன்முதலில் வெளியான நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகவே மூன்று ஆண்டுகளாகக் கிடங்கில் கிடந்த மாடலைத் தள்ளுபடியில் வாங்குபவர், ஆயுளில் மூன்று ஆண்டுகளை இழந்துதான் வாங்குகிறார். பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்கப் பள்ளிகள் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்தன. சில ஆண்டுகளில், திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்கும்போதே கணினிகள் காலாவதியாகிக் குவிந்தன. 2023 ஏப்ரலில் யு.எஸ். பிர்க் என்ற பொதுநல அமைப்பு இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக் குரோம்புக்குகளின் ஆயுளை இரட்டிப்பாக்கினால் அமெரிக்கப் பொதுப்பணத்தில் 180 கோடி டாலர் மிச்சமாகும் என்று அது கணக்கிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள், 2021 முதல் வெளியான வன்பொருள் தளங்களுக்குப் பத்து ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தது. முந்தைய சில மாடல்களுக்கு நிர்வாகி விரும்பினால் நீட்டித்துக்கொள்ளவும் வழி செய்தது. பள்ளிகளும் பெற்றோரும் பழுதுபார்ப்பு உரிமைக்காக வாதாடுபவர்களும் சேர்ந்து கேட்டதால் கிடைத்தது அது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

எனவே விலையைக் கேட்காதீர்கள், ஆண்டுக்கான விலையைக் கேளுங்கள். பதினாறாயிரம் ரூபாய்க் கணினியில் எட்டு ஆண்டுகள் மீதமிருந்தால் ஆண்டுக்கு இரண்டாயிரம். பத்தாயிரத்துக்குக் கிடைக்கும் பழைய சரக்கில் இரண்டே ஆண்டுகள் மீதமிருந்தால் ஆண்டுக்கு ஐயாயிரம். மாடல் எண்ணை வாங்கி, கூகுளின் ஆதரவுப் பக்கத்தில் அதன் காலாவதி தேதியைப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும். கடைக்காரருக்கு இந்தத் தேதி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதோடு, அமெரிக்காவில் ஒரு கணினிக்கு 38 டாலர் என்ற அளவில் இருக்கும் நிர்வாக உரிமத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உரிமம் இல்லாமலும் குரோம்புக் ஓடும். ஆனால் நான் மேலே சொன்ன ஓரிடக் கட்டுப்பாடு எதுவும் இருக்காது, பழையபடி ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் அமர வேண்டியிருக்கும்.

புதிதாக எதுவும் வாங்காமலேயே தொடங்கவும் முடியும். பழைய கணினிகளில் இந்த இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்துவந்த நெவர்வேர் என்ற நிறுவனத்தைக் கூகுள் 2020இன் இறுதியில் வாங்கி, 2022இல் அதைக் குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. நான்கு ஜிபி ரேமும் 16 ஜிபி இடமும் உள்ள, இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சிப் கொண்ட 64-பிட் கணினியில் இதை ஒரு பென் டிரைவிலிருந்து கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம். நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிச் சோதித்துப் பார்க்கவும் முடியும். ஆண்ட்ராய்டு செயலிகள் இதில் வராது. சில பழைய கணினிகளில் வைஃபையோ ஒலியோ வேலை செய்யாமல் போகலாம். அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் கழித்துவிடும் மடிக்கணினிகள் இதற்கு மிகவும் ஏற்றவை. மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் முன்னாள் மாணவர்கள் தங்கள் நிறுவனத்திடம் அவற்றைக் கேட்டுப் பெற முடிந்தால், ஐந்து லட்சத்தை இணைப்புக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, பாடநூலைத் திறந்து பாருங்கள். பலருக்கு இது தோன்றுவதே இல்லை. ஆறு முதல் பத்து வரையுள்ள வகுப்புகளுக்கு உலாவிக்குள் ஓடும் ஸ்கிராட்ச் (நிரல் எழுதப் பழக்குவது), ஆவணம், கணக்குத்தாள், ஜியோஜீப்ரா (கணித வரைபடங்களுக்கானது) போன்றவை போதும். மேல்நிலை வகுப்புகளில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களில், கணினி அறிவியலில் பைத்தான் என்ற நிரல்மொழியும், கணினிப் பயன்பாடுகளில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் இடம்பெற்றன. பைத்தானை உலாவியிலும் ஓட்டலாம், குரோம்புக்கின் லினக்ஸ் வசதியைத் திறந்தும் ஓட்டலாம். பேஜ்மேக்கர் போன்ற விண்டோஸ் மென்பொருள் குரோம்புக்கில் ஓடவே ஓடாது. செய்முறைத் தேர்வுக்கு என்ன வேண்டுமோ அதைத் தராத கணினியை மேல்நிலைப் பிரிவுக்குக் கொடுத்தால், பாவம், அந்த ஆசிரியர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுவதைத் தவிர வேறு என்ன செய்வார்? குரோம்புக்குகளை நடுநிலை வகுப்புகளுக்குக் கொடுத்துவிட்டு, மேல்நிலைக்கு உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பும் விண்டோஸும் உள்ள சில கணினிகளை வைத்துக்கொள்வதே என் கருத்தில் சரியான பங்கீடு.

தமிழில் எழுதுவதற்குக் குரோம்புக்கில் தடை எதுவும் இல்லை. தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. அமைப்புகளில் ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். நிர்வாகக் கணக்கிலிருந்து எல்லாக் கணினிகளிலும் இதை வைக்க முடியும் என்பதால், முதல் நாளே தமிழ்99ஐப் பிள்ளைகளுக்குப் பழக்கத் தொடங்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன். பதினொரு வயதில் பழகும் விரல்கள் அதை மறப்பதில்லை.

கருவி மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது பதிவாகி இருக்கிறது. நூறு டாலர் மடிக்கணினி என்று 2005இல் உலகுக்கு அறிமுகமான திட்டத்தில் பெரு நாடு லட்சக்கணக்கான கணினிகளை வாங்கியது. அங்குள்ள 319 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்று கூறியது. அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இணையம் இல்லை. உருகுவே நாடு 2007இல் தொடங்கிய சேபால் திட்டத்தில் அரசுத் தொலைபேசி நிறுவனத்தைக் கொண்டு பள்ளிகளுக்கு இணைப்பையும் சேர்த்தே கொடுத்தது. அதைப் பார்த்துக்கொள்ளத் தனி அமைப்பையும் நிறுவியது. அந்தத் திட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. நன்கொடைக் குழுக்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கணினி வருவதற்கு முன்பே இரண்டு ஆசிரியர்களைத் தேர்ந்து, அவர்கள் கையில் ஆளுக்கு ஒன்று கொடுத்து, ஒரு பருவம் முழுவதும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தான் பழகிய கருவியைத்தான் ஓர் ஆசிரியர் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அச்சமின்றித் திறப்பார்.

பிள்ளைகளின் தகவல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாணவர் எழுதுவதும் தேடுவதும் ஒரு தனியார் நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கின்றன. 2014 ஏப்ரலில்தான் மாணவர் மின்னஞ்சல்களை விளம்பரத்துக்காக அலசுவதை நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்தது; அதற்கு முன் அந்த அலசல் நடந்தது என்பதே இதன் பொருள். 2022 ஜூலையில் டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெல்சிங்கர் நகராட்சிப் பள்ளிகளில் குரோம்புக்கையும் கூகுள் கல்விச் சேவைகளையும் பயன்படுத்தத் தடை விதித்தது. 2024 ஜனவரியில் 53 நகராட்சிகள் தங்கள் நடைமுறையைச் சட்டத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு பெற்றோர் எழுப்பிய புகாரிலிருந்து தொடங்கியது அது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களைக் குழந்தைகளாகவே கருதி, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை அடிப்படையாக வைக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் இதை எளிய தமிழில் விளக்கி ஒப்புதல் வாங்குவது கடினமான வேலை அல்ல. மாணவர்களின் கணக்குப் பெயரில் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்க்காமல் பதிவு எண்ணை மட்டும் வைக்கலாம். பாடத்துக்குத் தேவையில்லாத சேவைகளை நிர்வாகக் கணக்கில் அணைத்துவைக்கலாம்.

அந்த நிர்வாகக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கடைசியாகக் கேட்கிறேன், ஆனால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். தகுதியுள்ள பள்ளிகளுக்குக் கூகுளின் அடிப்படைக் கல்விச் சேவை இலவசம். பள்ளியின் பெயரில் ஓர் இணைய முகவரி (டொமைன்) வாங்கி விண்ணப்பிக்க வேண்டும். உற்சாகமுள்ள ஒரு முன்னாள் மாணவர் தன் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்து இதைத் தொடங்கிவிட்டு, பிறகு வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போய்விட்டால், முப்பது கணினிகளின் சாவியும் அவரோடு போய்விடும். கணினியைத் துடைத்தாலும் அது அவர் தொடங்கிய கணக்கையே கேட்டு நிற்கும். ஆகவே கணக்கைப் பள்ளியின் அலுவல் முகவரியில் தொடங்குங்கள். தலைமை ஆசிரியருக்கும் கணினி ஆசிரியருக்கும் நிர்வாகி உரிமை கொடுங்கள். இருவரில் ஒருவர் இடமாறுதலில் செல்லும்போது பொறுப்பு ஒப்படைப்பில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள். இணைய முகவரியைப் புதுப்பிக்க வேண்டிய நாள், ஒவ்வொரு கணினியின் வரிசை எண், அதன் காலாவதி ஆண்டு ஆகியவற்றைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில், மேசை நாற்காலிகளின் கணக்கு இருக்கும் அதே பதிவேட்டில், மையால் எழுதிவையுங்கள்.